நாற்பத்தேழாம் நம்பரின் கேள்விகள்

"துணியை நீங்கள் எங்கே வாங்குகிறீர்கள்? ஏன் அங்கே வாங்குகிறீர்கள்?"

கைப்பேசியில் வந்திருந்த இந்த இரண்டு வரியைத் திரைச்சீலைக் கடை அம்மாள் மூன்று முறை படித்தாள். மூன்றாவது முறை மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கிவிட்டு, அதற்கு மேலாகப் பார்த்துப் படித்தாள். அவள் அப்படிப் பார்த்தால் எதிரே இருப்பது துணி வியாபாரியோ மின்கட்டண ரசீதோ, செய்யாத குற்றத்தைக்கூட ஒப்புக்கொண்டுவிடும்.

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க."

கடையின் பின்பக்கம் திரை வளையங்களை நூறு நூறாக எண்ணிக் கோத்துக்கொண்டிருந்த கணவர், தொண்ணூற்று மூன்றில் நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். தபால் ஆபீசில் முப்பது வருடம் கடிதம் பிரித்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் எல்லாம் சேர வேண்டிய இடத்துக்கு எப்படியும் சேர்ந்துவிடும் என்று நம்புகிறவர்.

"உதவி பண்றாங்க, உதவி பண்றாங்கன்னு சொல்லித்தானே இதுல என்னைச் சேத்துவிட்டீங்க? உதவி எங்க? கேள்வில்ல வருது!"

விஷயம் இதுதான். எட்டு மாதத்துக்கு முன்னால் தெரு மூலையில் மூன்று மாடியில் ஒரு பெரிய கடை வந்தது. மெத்தை, தலையணை, தரைவிரிப்பு, திரைச்சீலை எல்லாம் ஒரே கூரையின் கீழ். தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு. வாசலில் டை கட்டிய ஊழியர் ஒருவர் வருகிறவர்களுக்கெல்லாம் தலை தாழ்த்துவார். அதைப் பார்ப்பதற்காகவே பாதிப் பேர் உள்ளே போனார்கள். இருபத்திரண்டு வருடமாக ஓடிய அம்மாளின் கடை அன்றிலிருந்து நொண்டியடிக்க ஆரம்பித்தது.

கணவருக்குப் பொறுக்கவில்லை. சிறுதொழில்காரர்கள் இணையத்தில் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் தளம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு மத்தியான நேரம் முழுக்க உட்கார்ந்து, கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, மனைவியின் பெயரில் 'இருபத்திரண்டு வருட அனுபவம்' என்று படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டார். இரண்டாம் நாளே பதில் வந்தது. 'வரவேற்கிறோம். உங்களோடு துணை எண் 47 இணைக்கப்பட்டுள்ளார். முதல் ஆறு வாரம் பெயரும் ஊரும் வேண்டாம். தொழிலைப் பற்றி மட்டும் மனம் விட்டுப் பேசுங்கள்.'

"பேரே சொல்லாதவங்ககிட்ட மனசை எப்படிங்க விடறது? ஜெயில் கைதி மாதிரி நம்பர் வேற."

"டாக்டர்கிட்ட போனா அவரும் முதல்ல கேள்விதானே கேக்கறாரு? எங்க வலிக்குது, எப்ப சாப்பிட்டேன்னு? நம்ம கடைக்கு என்ன சீக்குன்னு தெரிஞ்சாத்தானே மருந்து சொல்வாங்க."

"கேப்பாரு. ஆனா 'உன் வீட்டுச் சாவியை எங்க வெப்பே'ன்னு கேப்பாரா?"

தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த நாத்தனார் வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்தாள். "ஆனாலும் அண்ணா, காசும் வாங்காம, பேரும் சொல்லாம, எதுக்கு ஒருத்தங்க நமக்கு நல்லது பண்ணணும்?" என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு, ஊசிகளைத் திரும்பக் கவ்விக்கொண்டாள்.

அம்மாளுக்கு அது போதுமாக இருந்தது. "பாத்தீங்களா, உங்க தங்கச்சிக்கே தெரியுது. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழற கதை. துணி எங்க வாங்கறேன்னு தெரிஞ்சுக்க இந்தத் தெருவுல யாருக்கு ஆசை? மூலைக் கடைக்கு. நாற்பத்தேழாம் நம்பர் யாரு? மூலைக் கடை."

"மூணு மாடிக் கடைக்கு உன் ஒத்தை ரூம் கடையோட ரகசியம் எதுக்கு?"

"அதான் எனக்கும் புரியல. அதனாலதான் பயமா இருக்கு."

பதில் அனுப்பாமல் இருந்தால் மூலைக் கடைக்குச் சந்தேகம் வந்துவிடும் என்று அவளே முடிவு செய்தாள். சந்தேகப்படும் உரிமையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுப்பவள் இல்லை. அதனால் பதில் எழுதினாள். ஊருக்கு வெளியே பழைய சாக்கு விற்கும் குடோன் ஒன்று இருந்தது. 'துணியைச் சாக்கு குடோனில்தான் வாங்குகிறேன். உறுதிக்கு உறுதி, மலிவுக்கு மலிவு.'

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. 'நல்லது. குறித்துக்கொண்டேன்.'

"குறிச்சுக்கிட்டானாம்!" என்று அம்மாள் தொடையைத் தட்டினாள். "போகட்டும், மூணு மாடியிலயும் சாக்கு தொங்கட்டும்."

அடுத்த கேள்வி வாரக் கடைசியில் வந்தது. 'எந்தெந்த நாள் கடையைத் திறக்கிறீர்கள்?'

'சனி, ஞாயிறு விடுமுறை. அன்றைக்குத் திரைச்சீலை வாங்க யாரும் வர மாட்டார்கள்.'

உண்மையில் அவள் வியாபாரத்தில் முக்கால்வாசி அந்த இரண்டு நாளில்தான் நடந்தது. ஆனால் அந்தச் சனிக்கிழமை காலை மூலைக் கடை வாசலில் 'இன்று மட்டும் கால்வாசித் தள்ளுபடி' என்று ஒரு பெரிய துணிப் பதாகை தொங்கியது.

"இப்ப என்ன சொல்றீங்க? நான் மூடியிருப்பேன்னு நினைச்சு இன்னிக்குத் தள்ளுபடி போட்டிருக்கான்!"

"அவங்க எல்லாச் சனிக்கிழமையும்தான் போடறாங்க," என்றார் கணவர்.

"அதெல்லாம் பழகிக்கறதுக்காகப் போட்டது."

அவர் வளையம் எண்ணப் போனார். அம்மாளுக்கோ வேறு கவலை வந்துவிட்டது. விடுமுறை என்று சொல்லிவிட்டுக் கடையைத் திறந்து வைத்திருப்பதை டை கட்டியவர் பார்த்துவிட்டால்? சொன்னதெல்லாம் பொய் என்று தெரிந்துபோகுமே! ஷட்டரைப் பாதிக்கு இறக்கினாள். குனிந்து வர முடிந்தவர்கள் வந்தார்கள். முட்டி வலிக்காரர்கள் நேரே மூலைக் கடைக்குப் போனார்கள். திரைச்சீலை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் முட்டி வலி வரும் வயதுக்காரர்கள் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்றாவது கேள்வி: 'பேரம் பேசுகிறவர்களை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?'

'குறைக்கச் சொல்லிக் கேட்டால் விலையை ஏற்றுவேன். இரண்டாவது தடவை கேட்டால் இன்னும் ஏற்றுவேன். பயந்து வாங்கிவிடுவார்கள்.'

'அருமை. குறித்துக்கொண்டேன்.'

மறுநாளே முன்பின் தெரியாத ஒருவர் கடைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, பேச்சில் ஒரு நிதானம். துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் குறைச்சுப் போடக்கூடாதாம்மா?" என்றார்.

அம்மாள் கண்ணாடியை நுனிக்கு இறக்கினாள். நேற்று கேள்வி, இன்று ஆள். சோதித்துப் பார்க்க அனுப்பியிருக்கிறார்கள்! விலையை ஏற்றிச் சொன்னாள். அவர் சிரித்தபடி, "விளையாடாதீங்கம்மா, சரியாச் சொல்லுங்க," என்றார். இன்னும் ஏற்றினாள். மூன்றாவது முறை அவர் வாயைத் திறப்பதற்குள்ளேயே ஏற்றினாள். அவர் துணியை மேசை மேல் மெல்ல வைத்துவிட்டு, வாசல்படி வரைக்கும் பின்பக்கமாகவே நடந்து வெளியேறினார்.

"யாருன்னு தெரியுதா அண்ணி?" என்றாள் நாத்தனார். "பக்கத்துத் தெருவுக்குப் புதுசா வந்திருக்கிற பல் டாக்டர். க்ளினிக்ல ஏழு ஜன்னலாம்."

"மூலைக் கடை ஆளு இல்லியா?"

"அவரு இப்ப அந்தப் பக்கம்தான் போறாரு. வேணா இனிமே அவங்க ஆளுன்னு வெச்சுக்கலாம்."

இத்தோடு நிறுத்தியிருந்தால் ஏழு ஜன்னலோடு போயிருக்கும். நான்காவது கேள்வி அளவைப் பற்றி வந்தது. 'ஜன்னலை எப்படி அளக்கிறீர்கள்? எங்கே தவறு வரும்?'

திரைச்சீலைத் தொழிலின் உயிரே அதுதான். கம்பிக்கு மேலே எவ்வளவு விடுவது, மடிப்புக்கு எத்தனை பங்கு கூடுதல், துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்று இருபத்திரண்டு வருடம் கை தேய்ந்து கற்றது. அதைக் கேட்கிறான் பார்! ஆத்திரத்தோடு தட்டினாள். 'டேப்பே வைத்துக்கொள்வதில்லை. டேப் ஏமாற்றும். சாண் போட்டு அளப்பேன். கை ஏமாற்றாது.'

அந்த வாரம் அவள் பயணியர் விடுதிக்குப் போனாள். கடை திறந்த வருடம் அவளுக்கு முதல் ஆர்டர் கொடுத்தது அந்த விடுதிதான். இன்றைக்கும் அவளைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்ததும் அதுதான். இருபத்து நான்கு ஜன்னலுக்கும் பழைய திரைகளை எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டும் என்று மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார். முதல் ஜன்னலில் டேப்பை நீட்டியவள் தற்செயலாகக் கீழே பார்த்தாள். எதிர் ஓரத்தில் மூலைக் கடையின் வேன் நின்றது. அதன்மேல் சாய்ந்தபடி டை கட்டியவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மேகம் பார்த்தாரோ, காக்கை பார்த்தாரோ, தெரியாது. அம்மாள் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள். ஜன்னலுக்கு நேரே நின்று, வெளியே நன்றாகத் தெரியும்படி கையை விரித்து, ஒரு சாண், இரண்டு சாண் என்று அளக்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா, டேப் மறந்துட்டீங்களா? என்கிட்ட இருக்கு, தரட்டுமா?" என்றார் மேனேஜர்.

"வேண்டாம் சார். கை ஏமாத்தாது."

கடைக்கு வந்து சாண் கணக்கை நாத்தனாரிடம் கொடுத்தாள். நாத்தனார் காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள். "அண்ணி, எல்லாம் சாணா எழுதியிருக்கு. நான் இஞ்ச்ல வெட்டறவ. உங்க சாண் எத்தனை இஞ்ச்?"

"இதோ, நீயே அளந்துக்கோ," என்று அம்மாள் மேசை மேல் கையை விரித்து வைத்தாள். எட்டு இஞ்ச் இருந்தது.

கணக்கில் ஒரு பிழையும் இல்லை. கையில்தான் பிழை. டீ குடித்துவிட்டு மேசை மேல் வைத்த கைக்கு எட்டு இஞ்ச்; விடுதி ஜன்னலில், கீழே நிற்பவன் பார்க்கட்டும் என்று கோபத்தில் விரிந்த கைக்கு ஒன்பது இஞ்ச். ஒரு சாணுக்கு ஒரு இஞ்ச் வீதம் இருபத்து நான்கு திரையும் குட்டையாகத் தயாராகி, விடுதிக்குப் போய்ச் சேர்ந்தன. மாட்டும் வேலை விடுதி ஆட்களுடையது என்பதால் அம்மாளுக்கு அப்போது ஒன்றும் தெரியவில்லை.

திரைகள் போன அன்று நாற்பத்தேழாம் நம்பரிடமிருந்து செய்தி வந்தது. 'ஆறு வாரம் முடிகிறது, தளத்தில் உங்கள் முகவரி கொடுத்தார்கள். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு உங்கள் கடைக்கே வந்து பார்க்கலாமா?'

"வரட்டும்," என்றாள் அம்மாள். "கையும் களவுமாப் பிடிக்கிறேன்."

"அப்ப உண்மையைச் சொல்லிடப்போறியா?" என்று கணவர் ஆசையோடு கேட்டார்.

"அவங்க முதல்ல சொல்லட்டும். அதுவரைக்கும் நான் சொன்னதெல்லாம் நிஜமா இருக்கணும்."

புதன்கிழமை முழுக்க மூவரும் பாடுபட்டார்கள். துணிச் சுருள்கள் அத்தனையும் பின்னறைக்குப் போயின. குடோனிலிருந்து வந்த முப்பது சாக்குகள் அலமாரியில் ஏறின. கடையில் இருந்த நான்கு டேப்புகளும் ஒளிந்தன. நாத்தனாரின் கழுத்தில் எந்நேரமும் மாலையாகத் தொங்கும் டேப்பைக்கூட அம்மாள் விடவில்லை.

"கழுத்து வெறிச்சுனு இருக்கு அண்ணி. மெஷின்ல உக்காந்தா ஏதோ குளிக்க வந்த மாதிரி இருக்கு."

"ஒரு நாள் பொறுத்துக்கோ. ஏங்க, நீங்க நாளைக்கு வாயே திறக்கக்கூடாது. உங்களுக்குப் பொய் வராது."

"அப்ப நான் எதுக்கு?"

"வளையம் எண்ணுங்க."

வியாழன் பதினோரு மணிக்கு வந்து நின்றது டை கட்டியவர் இல்லை. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். தோளில் துணிப்பை, கையில் தடித்த நோட்டு. வெயிலில் வந்ததில் முகம் சிவந்திருந்தது.

"நான்தாம்மா நாற்பத்தேழு. ரெண்டு பஸ் மாறி வந்தேன், அஞ்சு நிமிஷம் லேட்டாயிடுச்சு."

இருநூறு அடி தூரத்தில் இருக்கும் கடையிலிருந்து வர இரண்டு பஸ்ஸா! அம்மாள் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டாள். நல்ல தேர்ச்சி.

"உக்காரும்மா. பஸ்ல கூட்டமா? டீ குடிக்கிறியா?" என்றார் கணவர். மனைவி கண்ணாடியை இறக்கியதும், "தொண்ணூத்தாறு, தொண்ணூத்தேழு," என்று முணுமுணுத்தார்.

வந்தவள் சாக்கு அலமாரியை வியப்போடு பார்த்தாள். ஒரு சாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு நோட்டில் ஏதோ எழுதினாள். நாத்தனாரின் வெறுங்கழுத்தைப் பார்த்து அதையும் எழுதினாள். "எழுத்துல கேட்டதை நேர்ல ஒரு தடவை பாத்துட்டா எனக்கு எல்லாம் தெளிவாயிடும். ஒண்ணு ரெண்டு விஷயம்தான் இன்னும் பிடிபடல," என்றாள்.

"என்ன பிடிபடல?" என்று அம்மாள் உஷாரானாள்.

அதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. விடுதி மேனேஜர். தோளில் ஒரு புதுத் திரை.

"ஏம்மா, இது கர்ட்டனா, கைக்குட்டையா?" அவர் அதை மேசை மேல் வீசினார். "ஜன்னல் கட்டையைத் தாண்டித் தொங்க வேண்டியது, அரை அடி மேலயே நிக்குது. இருபத்து நாலும் அப்படித்தான். கீழ்த்தள ரூம்ல ஒருத்தர் கட்டில்ல படுத்திருந்தா, தெருவுல போறவன் குனிஞ்சு பாத்து 'எந்திரிச்சாச்சா'ன்னு விசாரிச்சுட்டுப் போறான்!"

அளவு தப்பிவிட்டது சார், நாளைக்கே டேப்போடு வருகிறேன் என்று சொல்ல அம்மாளுக்கு வாய் வரை வந்துவிட்டது. ஓரக்கண்ணால் பார்த்தாள். நாற்பத்தேழு பேனாவைத் திறந்து காத்திருந்தாள். சொல்ல வந்ததை மாற்றிக்கொண்டாள்.

"இப்ப இதுதான் சார் புது மோஸ்தர். மேல மறைப்பு, கீழ காத்து."

'மேலே மறைப்பு, கீழே காற்று' என்று பேனா ஓடியது.

மேனேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் இறங்கி, முகத்தில் வருத்தம் வந்தது. "இருபத்திரண்டு வருஷத்துல உங்ககிட்ட ஒரு நூல் பிசகினது இல்ல. தப்பு நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாத்தித் தைக்கச் சொல்லிட்டுப் போயிருப்பேன். என்னை முட்டாள்னு நினைச்சிட்டீங்களே. நான் மூலைக் கடைக்கே போய்க்கறேன்மா. அங்க டேப்பாவது வெச்சிருப்பாங்க."

மேனேஜர் படியிறங்கிப் போனார். கணவர் எண்ணுவதை நிறுத்திவிட்டார். அம்மாள் மேசை மேல் கிடந்த குட்டைத் திரையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு அத்தனையும் ஒரேயடியாக வெடித்தது.

"சந்தோஷமா? இதுக்குத்தானே வந்தே? போ, போய் உன் முதலாளிகிட்ட சொல்லு, கிழவியோட கடைசி ஆர்டரும் அவர் மடியில வந்து விழுந்துடுச்சுன்னு!"

வந்தவள் பயந்து எழுந்துவிட்டாள். "எந்த முதலாளிம்மா?"

"நடிக்காதே! மூலைக் கடை முதலாளி. நான் என்ன பச்சைக் குழந்தையா? முதல் கேள்வியிலயே கண்டுபிடிச்சிட்டேன். இன்னொண்ணும் கேட்டுக்கோ. நான் உனக்கு எழுதினதுல ஒரு வரிகூட நிஜம் கிடையாது. சாக்குல எவளாவது கர்ட்டன் தைப்பாளா? சனி ஞாயிறு எவனாவது கடையை மூடுவானா? பேரம் பேசினா விலையை ஏத்துவாங்களா? எல்லாம் பொய்! உன்னைக் கவுக்கறதுக்காகச் சொன்ன பச்சைப் பொய்!"

அந்தப் பெண்ணின் முகத்திலிருந்து சிவப்பு மெல்ல இறங்கி, வெளுத்து, சாம்பலாகிவிட்டது. நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "எல்லாமேவா?" என்று கேட்டாள். "அந்தச் சாண் கணக்கு?"

"அதுதான் எல்லாத்துக்கும் மேல பொய்."

அவள் அருகில் இருந்த சாக்குக் கட்டின்மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

கணவருக்கு மனசு கேட்கவில்லை. "என்ன பேச்சு இது? பஸ் மாறி வந்த புள்ளையை இப்படியா விரட்டறது? அவங்க நமக்கு உதவி பண்ண வந்தவங்க. நம்ம கடை நல்லா இருக்கணும்னு மெனக்கெட்டு வந்தவங்க."

"உதவி பண்ண வந்தவளா?" அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினாள். "உதவி பண்ண வந்தவ ஆறு வாரத்துல ஒரு யோசனையாவது சொல்லியிருக்கணுமா இல்லையா? அவளே சொல்லட்டும். ஏம்மா, ஏதாவது ஒரு யோசனை, ஒரே ஒரு யோசனை, நீ எனக்குச் சொல்லியிருக்கியா?"

வந்தவள் சாக்குகளைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், கடைசியில் அம்மாளைப் பார்த்தாள்.

"யோசனை நான் சொல்லணுமா? ஐயோ அம்மா, கத்துக்க வந்தவளே நான்தானே, எனக்கு வழிகாட்டின்னு அந்தத் தளத்துக்காரங்க தேடிப் பிடிச்சுக் கொடுத்ததே உங்களைத்தான். நீங்க எழுதினதை ஒண்ணு விடாம அப்படியே செஞ்சு, எங்க ஊர்ல ஒரு கர்ட்டன் கடையை நடத்திக்கிட்டிருக்கேனே!"